முதல் வேலையின் மிச்ச நேரம்

1912 பிப்ரவரி 9ஆம் தேதியிட்ட ஒரு வேலை விண்ணப்பம், மெட்ராஸ் துறைமுக டிரஸ்டின் கணக்குப் பிரிவுக்குப் போகிறது. எழுதியவருக்கு வயது 24. மெட்ரிகுலேஷன் தேறியிருக்கிறேன், எஃப்.ஏ. வரை படித்தேன், சூழ்நிலை காரணமாக மேலே தொடர முடியவில்லை, இடைப்பட்ட காலத்தில் கணிதம்தான் செய்துகொண்டிருந்தேன், வேலை கொடுத்தால் ஒழுங்காகச் செய்வேன். சாரம் இவ்வளவுதான். கூடவே பிரசிடென்சி கல்லூரிக் கணிதப் பேராசிரியர் மிடில்மாஸ்ட் கொடுத்த பரிந்துரைக் கடிதம்.

இந்த விண்ணப்பத்தை இன்றைக்கு எந்த எச்.ஆரிடம் கொடுத்தாலும் முதல் வடிகட்டலிலேயே போய்விடும். டிகிரி இல்லை. அரியர் இருக்கிறது. நாலைந்து வருஷம் கேப் இருக்கிறது. அந்த கேப்பில் என்ன செய்தாய் என்று கேட்டால் நோட்டுப் புத்தகத்தைக் காட்டுகிறான்.

மார்ச் 1ஆம் தேதி வேலை கிடைத்துவிட்டது. குமாஸ்தா உத்தியோகம், மாதம் 30 ரூபாய். பெயர் ராமானுஜன்.

ராமானுஜன் கதையைக் கணிதத்தின் பக்கத்திலிருந்து நிறைய பேர் எழுதியிருக்கிறார்கள். எனக்கு அதில் பிடித்துக்கொண்டது அந்த 30 ரூபாய் வேலைதான். ஏன் அது நல்ல வேலையாக அமைந்தது? அதே மாதிரி ஒரு வேலை இன்னொருவருக்கு ஏன் நரகமாகிறது? பத்துப் பதினைந்து வருஷம் ஐ.டி.யில் ஓட்டியவன் என்பதால் இந்தக் கேள்வி எனக்குச் சும்மா வந்ததில்லை.

என்னுடைய முதல் வேலை சென்னையில் ஒரு சின்ன கம்பெனி. சேர்ந்த அன்றைக்கே பத்தாவது, பன்னிரண்டாவது, பி.இ. என்று எல்லா ஒரிஜினல் சர்டிபிகேட்டையும் வாங்கி பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டார்கள். ரெண்டு வருஷ பாண்டு. நடுவில் போனால் பணம் கட்ட வேண்டும். "எல்லா இடத்துலயும் இப்படித்தான் தம்பி" என்றார் கையெழுத்து வாங்கியவர். காலையில் ஒன்பதரைக்கு உள்ளே போனால் ராத்திரி எத்தனை மணிக்கு வெளியே வருவோம் என்பது அமெரிக்காவிலிருந்து வரும் மெயிலைப் பொறுத்தது. நான் தங்கியிருந்த மேன்ஷன் அறைக்கு எதிரே ஒரு பொது நூலகம் இருந்தது. அங்கே இருந்த பதினான்கு மாதத்தில் அது திறந்திருந்து ஒருநாள்கூடப் பார்த்ததில்லை. ஞாயிற்றுக்கிழமை தூங்கத்தான் தெம்பு இருக்கும்.

ஆளைக் கட்டிப்போடும் ஒப்பந்தம் ஒன்றும் புதிதில்லை. 1805 அக்டோபரில் லண்டனில் ஒரு பதினான்கு வயதுப் பையன் ஏழு வருஷத்துக்கு எழுதிக்கொடுத்தான். அப்பா கொல்லர், உடம்பு சரியில்லாதவர். பையன் அதற்கு முந்தைய வருஷம்தான் ரீபோ என்கிற புத்தகக் கடைக்காரரிடம் எடுபிடியாகச் சேர்ந்திருந்தான். வீடு வீடாகப் பேப்பர் கொண்டுபோய்க் கொடுப்பான். இப்போது பைண்டிங் வேலை கற்றுக்கொள்ளும் அப்ரென்டிஸ். அந்தக் காலத்தில் தொழில் கற்றுக்கொள்ள முதலாளிக்குத்தான் பணம் கட்ட வேண்டும். ஒழுங்கான பையன் என்பதால் ரீபோ அதை வாங்கவில்லை.

ஏழு வருஷ பாண்டு என்றால் என்னுடையதைப் போல மூன்றரை மடங்கு. ஆனால் மைக்கேல் ஃபாரடேவுக்கு அது கல்லூரியாக அமைந்தது. பைண்டிங்குக்கு வந்த புத்தகங்களைத் தைத்துவிட்டுப் படித்தான். பிரிட்டானிகா கலைக்களஞ்சியத்தில் மின்சாரம் பற்றிய கட்டுரையும், ஜேன் மார்செட் எழுதிய வேதியியல் உரையாடல்கள் புத்தகமும் அப்படித்தான் கைக்கு வந்தன. படித்ததைச் செய்துபார்க்க கையில் இருந்த சில்லறையில் சாமான் வாங்கினான். கடையிலேயே சின்னதாக ஒரு மின் இயந்திரம் செய்தான். ரீபோ தடுக்கவில்லை. சாயங்காலம் டேட்டம் என்பவரின் அறிவியல் சொற்பொழிவுகளுக்குப் போக விட்டார். ஒரு சொற்பொழிவுக்கு ஒரு ஷில்லிங். அந்தக் காசை அண்ணன் கொடுத்தார்.

பையனுடைய குறிப்பேடுகளை ரீபோ கடைக்கு வருகிறவர்களிடம் காட்டுவார். அப்படி ஒரு வாடிக்கையாளர் மூலமாகத்தான் 1812இல் ஹம்ஃப்ரி டேவியின் சொற்பொழிவுகளுக்கு டிக்கெட் கிடைத்தது. கேட்டதையெல்லாம் எழுதி, படம் போட்டு, தானே பைண்டு செய்து டேவிக்கு அனுப்பினான். அந்த பைண்டிங் வேலையும் கற்ற தொழில்தானே. 1813 மார்ச் 1ஆம் தேதி ராயல் இன்ஸ்டிட்யூஷனில் ஆய்வக உதவியாளர் வேலை. வாரம் 25 ஷில்லிங், மாடியில் ரெண்டு அறை, விறகு, மெழுகுவர்த்தி. மார்ச் 1 என்கிற தேதிக்கு ஏதோ ராசி இருக்க வேண்டும்.

ஃபாரடே கடையை விட்டுப் போய்ப் பன்னிரண்டு வருஷம்கூட ஆகவில்லை. அதே லண்டன், தேம்ஸ் கரை. 1824. பன்னிரண்டு வயது நிறைந்த கையோடு இன்னொரு பையன் வேலைக்குப் போகிறான். ஷூவுக்குப் போடும் கருப்பு பாலிஷ் தயாரிக்கும் கிடங்கு. எலி ஓடுகிற, இற்றுப்போன பழைய கட்டடம். பாலிஷ் ஜாடியின் வாயை எண்ணெய்த் தாளால் மூடி, மேலே நீலத் தாள் வைத்து, நூலால் கட்டி, ஓரத்தைச் சுற்றி நறுக்கி, லேபிள் ஒட்ட வேண்டும். வாரக்கூலி ஆறு ஷில்லிங். வேலைக்குச் சேர்ந்த சில நாளில் அப்பாவைக் கடனுக்காக மார்ஷல்சீ சிறையில் போட்டுவிட்டார்கள். பையன் பெயர் சார்லஸ் டிக்கன்ஸ்.

அந்தக் கிடங்கில் இவனுக்கு நூல் கட்டவும் முடிச்சுப் போடவும் சொல்லிக்கொடுத்தவன் பாப் ஃபேகின் என்கிற இன்னொரு பையன். ஒருநாள் இவனுக்கு விலாவில் வலி வந்தபோது, காலி பாலிஷ் பாட்டில்களில் வெந்நீர் நிரப்பி ஒத்தடம் கொடுத்தான். சாயங்காலம் தனியாக விடக் கூடாது என்று கூடவே நடந்தான். அப்பா சிறையில் இருப்பது தெரிந்துவிடுமே என்று டிக்கன்ஸ் ஏதோ ஒரு வீட்டைத் தன் வீடு என்று காட்டி, அந்த வாசலில் நின்று அவனை அனுப்பிவைத்தார். பின்னாளில் ‘ஆலிவர் ட்விஸ்ட்’ நாவலில் சிறுவர்களைத் திருட்டுக்குப் பழக்குகிற கிழவனுக்கு அந்தப் பையனின் பெயரையே வைத்தார். உதவியவன் பெயரைப் போய் வில்லனுக்கு வைக்க வேண்டுமென்றால், அந்த இடத்தின் மேல் எவ்வளவு கசப்பு இருந்திருக்க வேண்டும்!

சிறையிலிருந்து வெளியே வந்த அப்பா, கொஞ்ச நாளில் கிடங்குக்காரரோடு தகராறு செய்துகொண்டு பையனை வேலையிலிருந்து நிறுத்தினார். அம்மாவுக்கு மட்டும் அவனைத் திரும்ப அனுப்பிவிட வேண்டும் என்றிருந்தது. டிக்கன்ஸ் அதைக் கடைசிவரை மறக்கவில்லை. உலகமே வாசித்த எழுத்தாளர், வேலைக்குப் போன அந்த மாதங்களைப் பற்றித் தன் நண்பர் ஃபார்ஸ்டரிடம்தான் மனம் திறந்தார். 1870இல் அவர் இறந்த பிறகு ஃபார்ஸ்டர் எழுதிய வாழ்க்கை வரலாற்றில்தான் விஷயம் வெளியே வந்தது. அதுவரை வாசகர்களுக்கு அது டேவிட் காப்பர்ஃபீல்டுக்கு நடந்த கதை.

ரெண்டு பையன்கள். ரெண்டு பேர் செய்ததும் கைவேலைதான். தாளை வெட்டி, ஒட்டி, நூலால் கட்டுகிற வேலை. வெளியிலிருந்து பார்த்தால் பெரிய வித்தியாசம் இல்லை. சம்பளத்தைப் பார்த்தாலும் டிக்கன்ஸாவது வாரக் கூலி வாங்கினார். அப்ரென்டிஸுக்குத் தங்க இடமும் சாப்பாடும் தொழிலும்தான் கூலி. சிபாரிசும் காரணமில்லை. நாங்கள் இப்போது ரெஃபரல் என்று சொல்கிறோமே, டிக்கன்ஸும் அப்படிச் சேர்ந்தவர்தான்; கிடங்கை நடத்தியவர்களில் ஒருவர் உறவுக்காரர்.

வித்தியாசம் இங்கே இருக்கிறது: வேலை முடிந்த பிறகு ஃபாரடேவுக்கு ஒரு சாயங்காலம் இருந்தது, அந்தச் சாயங்காலத்தில் அவன் என்ன செய்கிறான் என்று பார்க்க மேலே ஒருவர் இருந்தார். டிக்கன்ஸுக்கு ரெண்டும் இல்லை. பாப் ஃபேகின் நல்லவன், ஆனால் அவனும் அதே பெஞ்சில் ஜாடி கட்டிக்கொண்டிருந்தவன்.

ஆளைப் பொறுத்துத்தான் எல்லாம், ஃபாரடே எங்கே இருந்தாலும் ஃபாரடேதான் என்று சிலர் சொல்லக்கூடும். ‘திறமை இருந்தா எங்கயும் மேல வரலாம்’ என்பது நம் கல்லூரிகளின் தேசிய கீதம். இதைச் சோதித்துப் பார்க்க ஒரே ஆளை ரெண்டு வேலையில் வைத்துப் பார்க்க வேண்டும். ப்ராக் நகரத்தில் அப்படி ஒரு சோதனை நடந்திருக்கிறது.

சட்டத்தில் டாக்டர் பட்டம் வாங்கிய ஃப்ரான்ஸ் காஃப்கா, 1907 அக்டோபரில் ஒரு இத்தாலியக் காப்பீட்டு நிறுவனத்தின் ப்ராக் கிளையில் சேர்ந்தார். மாதம் 80 க்ரோனென். ஆரம்பத்தில் உற்சாகம்தான், என்றைக்காவது தூர தேசத்துக்கு அனுப்புவார்கள் என்று கனவு, அதற்காக இத்தாலியன் படித்தார். வேலை நேரம் காலை எட்டு முதல் சாயங்காலம் ஆறு. அதற்கு மேலும் இழுக்கும். ஓவர்டைம் காசு கிடையாது. எழுத்து நின்றுபோனது. 1908 ஜூலையில் வேலையை விட்டார்.

அதே மாதக் கடைசியில் இன்னொரு காப்பீட்டு அலுவலகத்தில் சேர்ந்தார். பொஹீமியா ராஜ்யத்தின் தொழிலாளர் விபத்துக் காப்பீட்டு நிறுவனம், அரசு சார்ந்தது. யூதர்களுக்கு அங்கே இடம் கிடைப்பது அபூர்வம். பள்ளித் தோழனின் அப்பா அந்த நிறுவனத்தின் தலைவர், அவரால்தான் கிடைத்தது. மறுபடியும் ரெஃபரல். இங்கே காலை எட்டுக்குப் போனால் ரெண்டு மணிக்கு விட்டுவிடுவார்கள்.

காப்பீட்டிலிருந்து காப்பீட்டுக்கே போயிருக்கிறார். துறை மாறவில்லை. பெரிதாக மாறியது கடிகாரம். ரெண்டு மணிக்கு வீடு, சாப்பாடு, தூக்கம், ராத்திரி எழுத்து. 1912 செப்டம்பர் 22ஆம் தேதி இரவு பத்து மணிக்கு உட்கார்ந்து மறுநாள் காலை ஆறு மணிக்கு ‘தீர்ப்பு’ கதையை முடித்தார். ஒரே மூச்சில்.

வேலையிலும் அவர் சோடை போகவில்லை. மர இழைப்பு இயந்திரங்களில் சதுரத் தண்டு இருந்தால், பிளேடுக்கும் மேசைக்கும் நடுவிலுள்ள இடைவெளியில் விரல் சிக்கிப் போய்விடும். உருளைத் தண்டு பாதுகாப்பானது. இதை விளக்கிப் படங்களோடு ஆண்டறிக்கையில் எழுதினார். எத்தனை தச்சர்களுடைய விரல் அவரால் தப்பியதோ.

ஆனாலும் அலுவலகத்தைத் திட்டிக்கொண்டேதான் இருந்தார் மனிதர். போதாக்குறைக்கு வீட்டில் ஒரு ஆஸ்பெஸ்டாஸ் தொழிற்சாலையில் பணம் போட்டிருந்தார்கள். சாயங்காலம் போய் அதைப் பார்த்துக்கொள் என்று நெருக்கினார்கள். கதை வந்துகொண்டிருந்த அதே 1912 இலையுதிர் காலத்தில் இந்தத் தொல்லை முற்றி, நண்பர் மாக்ஸ் ப்ராட் காஃப்காவின் அம்மாவுக்குக் கடிதம் எழுத வேண்டியதாயிற்று. ஆபீஸ் விட்டுக்கொடுத்த ரெண்டு மணியை வீடு பிடுங்கப் பார்த்தது. நம்மூரில் கடை வைத்திருக்கும் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

அதே 1912தான் மெட்ராஸிலும். துறைமுகத்துக்கு வருவதற்கு முன்னால் ராமானுஜன் மாதம் 20 ரூபாய்க்கு அக்கவுன்டன்ட் ஜெனரல் ஆபீஸில் சில வாரம் தற்காலிகமாக இருந்தார். அதற்கும் முன்னால் நெல்லூர் கலெக்டர் ராமச்சந்திர ராவ் மாதம் 25 ரூபாய் தன் கையிலிருந்து கொடுத்துவந்தார். வேலை ஒன்றும் செய்ய வேண்டாம், கணக்குப் போட்டால் போதும். கேட்பதற்குச் சொர்க்கம் மாதிரி இருக்கிறது. ஆனால் இன்னொருவருக்குப் பாரமாக இருக்க ராமானுஜனுக்குப் பிடிக்கவில்லை. கல்யாணமாகியிருந்தது, ஊரில் அப்பா அம்மா. சும்மா வருகிற 25 ரூபாயை விட உழைத்து வாங்கும் 30 ரூபாய் மேல் என்று வேலை தேடினார். மிச்ச நேரம் மட்டும் இருந்தால் போதாது. அதை நிமிர்ந்து நின்று அனுபவிக்க ஒரு சம்பளமும் வேண்டியிருக்கிறது.

துறைமுகத்தின் தலைவர் சர் ஃபிரான்சிஸ் ஸ்ப்ரிங், ஒரு பொறியாளர். அவருக்கு அடுத்தபடியாக ஆபீஸை நடத்தியவர் எஸ். நாராயண ஐயர். அவர் முன்பு திருச்சியில் கணிதம் கற்பித்தவர், இந்தியக் கணிதச் சங்கத்தின் உறுப்பினர். வேலை கணக்குச் சரிபார்ப்பு. ராமானுஜனுக்கு அது சீக்கிரம் முடிந்துவிடும். முடிந்ததும் தன் கணக்கை எடுத்துக்கொள்வார். கப்பல் சரக்கு கட்டிவந்த தாள்களைப் பொறுக்கிவந்து அதில் எழுதுவார் என்று சொல்வார்கள். கண்டிக்க வேண்டிய அதிகாரி கண்டிக்கவில்லை. சாயங்காலம் திருவல்லிக்கேணியில் தன் வீட்டுக்குக் கூப்பிட்டு, ஆளுக்கொரு சிலேட்டை வைத்துக்கொண்டு ராத்திரி வெகுநேரம் கூட உட்கார்ந்தார்.

இதில் எனக்குப் பிடித்த ஒரு விஷயம் உண்டு. ராமானுஜன் ஒரு வரியிலிருந்து அடுத்த வரிக்குத் தாவிவிடுவார். நடுவில் என்ன நடந்தது என்று நாராயண ஐயருக்கே புரியாது. எனக்கே புரியவில்லை என்றால் மற்றவர்களுக்கு எப்படிப் புரியும், நடுவில் உள்ள படிகளையும் எழுது என்று அவர் விடாமல் கேட்டார். இதற்குப் பெயர் என்ன? எங்கள் தொழிலில் கோடு ரிவ்யூ.

சர்டிபிகேட்டை ஒருவழியாக மீட்டுக்கொண்டு வெளியே வந்து சேர்ந்த ரெண்டாவது கம்பெனியில் எனக்கு அப்படி ஒரு லீடு இருந்தார். மதுரைப் பக்கத்துக்காரர். "தம்பி, ஓடுது, சரி. உனக்குப் புரியுது, அதுவும் சரி. ஆறு மாசம் கழிச்சு ராத்திரி ரெண்டு மணிக்கு இதைத் திறக்கிறவனுக்குப் புரியுமா?" என்று திருப்பி அனுப்புவார். ஆறரை மணிக்கு மேல் நாற்காலியில் பார்த்தால், "இன்னும் கெளம்பலையா? வீட்ல யாரும் தேட மாட்டாங்களா?" என்பார். நான் தமிழில் முதன்முதலாக எழுதிய கட்டுரை அந்த ஆறரைக்குப் பிறகான நேரத்தில் எழுதியது. அவருக்கு அது தெரியாது.

1913 ஜனவரி 16ஆம் தேதி ராமானுஜன் ஹார்டிக்குக் கடிதம் எழுதும்போது தன்னை முதலில் அறிமுகப்படுத்திக்கொள்வது கணிதனாக இல்லை. மெட்ராஸ் துறைமுகத்தில் வருஷம் 20 பவுண்ட் சம்பளம் வாங்கும் குமாஸ்தாவாகத்தான். அதே வருஷம் மெட்ராஸ் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் உதவித்தொகை கொடுத்தது. துறைமுகம் விடுப்புக் கொடுத்து அனுப்பிவைத்தது. 1914 மார்ச் 17ஆம் தேதி கப்பலேறினார். அதற்கான பணத்தை ஏற்பாடு செய்ய அரசாங்கத்துக்கு எழுதியவர்களில் ஸ்ப்ரிங்கும் ஒருவர். தன் ஆபீஸ் குமாஸ்தா வேலையை விட்டுப் போவதற்காகச் சிபாரிசுக் கடிதம் எழுதிய தலைவர்!

இங்கேயே நிறுத்திவிட்டால் நல்ல மேலதிகாரிகளைப் பற்றிய நீதிக்கதையாக முடிந்துவிடும். ஆனால் அந்த உதவிக்காரர்களின் வரிசையைப் பாருங்கள்: ராமசாமி ஐயர், சேஷு ஐயர், ராமச்சந்திர ராவ், நாராயண ஐயர். எல்லாரும் அவரைப் போலவே பிராமணர்கள். அவர்களுடைய நல்ல மனதைக் குறைத்துச் சொல்வதற்காக இதை எழுதவில்லை. படிப்பும் உத்தியோகமும் அன்றைக்கு யார் கையில் இருந்தன என்பதை அந்த வரிசையே சொல்லிவிடுகிறது. ராமானுஜனிடம் காசு இல்லை. ஆனால் ஆங்கிலம் இருந்தது, தட்டினால் திறக்கிற கதவுகள் இருந்தன.

துறைமுகத்திலிருந்து சில மைல் தூரத்தில் பெரம்பூர். பக்கிங்ஹாம், கர்நாட்டிக் மில்கள். அங்கேயும் அதே வயதுப் பையன்கள் முதல் வேலையில் இருந்தார்கள். 1911ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம்தான் நெசவாலைகளில் ஆண்களின் வேலை நேரத்துக்கு முதன்முறையாக ஒரு வரம்பு வைத்தது. எவ்வளவு தெரியுமா? ஒரு நாளைக்கு 12 மணி நேரம். ஒன்பது வயது ஆகியிருந்தால் பிள்ளைகளையும் வேலைக்கு வைக்கலாம். அந்தச் சத்தத்தில் 12 மணி நேரம் நின்றுவிட்டு வருகிறவன் சிலேட்டை எடுப்பானா? அவன் எழுதிய தாளைப் பார்த்து நடுவில் உள்ள படிகளைக் கேட்க மேஸ்திரிக்குத் தோன்றுமா?

அவர்களுக்கு ரீபோவும் வரவில்லை, நாராயண ஐயரும் வரவில்லை. காத்திருந்து பார்த்தார்கள். பிறகு தாங்களே கேட்டார்கள். செல்வபதி செட்டியாரும் ராமானுஜுலு நாயுடுவும் முன்கை எடுக்க, பி.பி. வாடியா தலைவராக, திரு.வி.க. துணைநிற்க, 1918 ஏப்ரல் 27ஆம் தேதி சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. மதியச் சாப்பாட்டு இடைவேளை போதவில்லை என்பது அவர்களுடைய முக்கியமான குறைகளில் ஒன்று. கூலியோடு சேர்த்து நேரத்தையும் கேட்டார்கள். 1922இல் சட்டம் வாரத்துக்கு 60 மணி என்று இறங்கியது. 1948இல் 48 மணி. ஒவ்வொரு மணி நேரமும் யாரோ நின்று வாங்கிக் கொடுத்தது.

நல்ல முதல் வேலை என்பதை நாம் அதிர்ஷ்டம் என்று சொல்லிப் பழகிவிட்டோம். ‘நல்ல டீம் அமைஞ்சுது’, ‘நல்ல மேனேஜர் கெடச்சார்’ என்று ஜாதகத்தில் கிரகம் அமைந்த மாதிரி பேசுகிறோம். ஃபாரடேவுக்கும் ராமானுஜனுக்கும் அப்படி அமைந்தது உண்மைதான். ஆனால் ரெண்டு மணிக்குக் கதவைத் திறந்துவிட்ட ப்ராக் அலுவலகம் காஃப்காவின் திறமையைப் பார்த்து அப்படிச் செய்யவில்லை. அங்கே இருந்த எல்லாரையும்தான் ரெண்டு மணிக்கு விட்டார்கள். அவர்களில் ஒருவர் எழுதினார். மற்றவர்கள் தோட்டம் போட்டிருக்கலாம், பிள்ளைகளோடு விளையாடியிருக்கலாம், சும்மா தூங்கியிருக்கலாம். அந்த நேரத்துக்கு யாரும் மேதையாக இருந்து தகுதி காட்ட வேண்டியிருக்கவில்லை. இந்த மொத்த வரலாற்றிலும் எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு அதுதான்.

இப்போது என் டீமில் நாலு ஃப்ரெஷர்கள் இருக்கிறார்கள். ஒருத்தி வீணை கற்றுக்கொள்கிறாள். ஒருவன் யு.பி.எஸ்.சி.க்குப் படிக்கிறான் என்று எனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருக்கிறான். இன்னொருவன் என்ன செய்கிறான் என்று தெரியவில்லை. அவன் சொன்னதில்லை, நான் கேட்கப்போவதுமில்லை. நாலாவது பையன் ஆறு மணியானால் முதல் ஆளாகப் பையை எடுத்துக்கொண்டு கிளம்புகிறான். போன மாசம் மேலிடத்திலிருந்து அவனைக் குறிப்பிட்டு, ‘கமிட்மென்ட் கம்மியா இருக்கே?’ என்று கேட்டார்கள்.

"அவன் வேலை ஆறு மணிக்கு முடிஞ்சிடுது சார்" என்றேன்.